தொலைபேசிக்குக் கேட்ட சத்தம்

மூத்திரத்தைப் பற்றி எழுதுவதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அந்தச் சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அது" என்றோம், "அந்தப் பிரச்சினை" என்றோம், "பாத்ரூம் விசயம்" என்றோம். சுற்றி வளைத்துக்கொண்டே இருந்து, கடைசியில் என் கணவருக்கு அறுபத்திரண்டாவது வயதில் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிற கட்டம் வரை போய்விட்டோம். ஆகவே இனி நேராகத்தான் சொல்வேன்.

நாங்கள் பீலெஃபெல்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். அவர் ஜன்னல் கைபிடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். நான் ஒரு கின்டர்கார்டன் சமையலறையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டுக் கழிப்பறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சுவர். இந்தப் பக்கம் நின்று வெங்காயம் வெட்டுகிற எனக்கு, அந்தப் பக்கம் அவர் படுகிற பாடு முழுவதும் கேட்கும். தொடங்கும், நிற்கும். ஒரு பெருமூச்சு. பிறகு சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. வெளியே வந்து கை துடைத்து, பத்து நிமிடத்தில் மறுபடி போவார்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமே?"

"ஏன், எனக்கு என்ன?"

"அடிக்கடி போறியள்."

"தேத்தண்ணி கூடக் குடிச்சிட்டன். நீர் பேசாம உம்மட வேலையைப் பாரும்."

தேநீரைக் குறைத்தார். பிறகு தண்ணீரையும் குறைத்தார். எங்காவது விசேஷத்துக்குப் போவதென்றால் காலையிலிருந்தே வாய் நனைக்க மாட்டார். கலியாண மண்டபங்களில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கப் பழகினார். கோயில் தேருக்குக் காரில் போகும்போது ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நிறுத்துவார். "கால் விறைச்சுப் போச்சு" என்று சொல்லி இறங்கி, காலை உதறிக் காட்டிவிட்டு, நேராகக் கழிப்பறைக்கு நடப்பார். நான் காருக்குள் இருந்து முன்கண்ணாடி வழியாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் எனக்கு முன்னால் காலை உதறிக் காட்டினார்.

மகள் ம்யுன்ஸ்டரில் வேலை செய்கிறாள். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்தவள் இரண்டு நாளில் விளங்கிக்கொண்டாள். தகப்பனிடம் கேட்கவில்லை. தானே ஒரு யூரோலொக்கிடம், அதாவது சிறுநீர்ப்பாதை வைத்தியரிடம், டெர்மின் கேட்டு நாள் எடுத்துவிட்டாள். அது நாலு மாதத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. அந்த நாலு மாதமும் அவர் மகளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வைத்தியரிடம் மொழிபெயர்க்க நான் போனேன். வேறு யார் போவது? இந்த நாட்டில் முப்பது வருடமாக அவருடைய வாய் நான்தான். வெளிநாட்டவர் அலுவலகம், வரிக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், மகளின் பள்ளிக்கூட ஆசிரியர், எல்லாவற்றுக்கும் நான்தான். அவருக்குத் தொழிற்சாலை ஜெர்மன் தெரியும். இடம், வலம், மேலே, கீழே, கவனம், இடைவேளை. அதற்கு மேல் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் சமையலறையில் மூன்று வயதுப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய ஆசிரியைகளிடமும் கேட்டுக் கேட்டுப் படித்த ஜெர்மனை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்காகவும் கதைத்தேன்.

வைத்தியர் நாற்பது வயது இருக்கும். நல்ல சிரிப்பு. என் கணவருடைய "ஸ்ட்ரால்" எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் சூரியனைக் கீறும்போது அதன் கதிருக்குச் சொல்கிற சொல் அது. நான் முழித்ததைக் கண்டு வைத்தியர் மூத்திரம் பாய்வதைக் கையால் வளைத்துக் காட்டினார். நான் கணவரிடம் திரும்பி, "வேகமாப் போகுதோ எண்டு கேக்கிறார்" என்றேன். அவர் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தபடி, "ஓம், போகுது எண்டு சொல்லும்" என்றார். நான் வைத்தியரிடம் இல்லையென்று சொன்னேன். என் கணவருக்கு அந்தளவு ஜெர்மன் விளங்கும்.

அங்கே ஓர் அறையில் புனல் பொருத்திய கருவி ஒன்று இருந்தது. அதற்குள் போனால் எவ்வளவு வேகம் என்று அது கோடு கீறும். ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கக் கொடுத்து அவரை உள்ளே விட்டார்கள். இருபது நிமிடம் நின்றார். தாதி இரண்டு தரம் கதவில் தட்டி, முடிந்துவிட்டதா என்று கேட்டாள். ஒரு சொட்டும் வரவில்லை. வெளியே வந்தபோது சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

"பரவாயில்லை. பல பேருக்கு இங்கே வராது. வீட்டில் செய்யலாம்" என்றார் வைத்தியர்.

தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டு, அதைக் கழிப்பறைத் தட்டில் வைத்து, பொத்தானை அமத்திவிட்டு வழமைபோலப் போனால் போதுமாம். தண்ணீரில் விழுகிற சத்தத்தைக் கேட்டே அது வேகத்தையும் அளவையும் நேரத்தையும் கணக்கிடுமாம். இரண்டு வாரம் செய்யட்டும், பதிவுகள் நேராகத் தன் கணினிக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு திரையில் கதைக்கலாம் என்றார். இரத்தம் எடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டாமா என்று கேட்டேன். அதை அடுத்த முறை பார்க்கலாம் என்றார். படுக்கச் சொல்லவில்லை. வயிற்றில் கைகூட வைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

காருக்குள் ஏறியதும் கணவர் வெடித்தார்.

"நான் பாத்ரூம் போறதை வெள்ளைக்காரனுக்குக் கேக்கப் பண்ணோணுமோ? இதுக்கோ கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

"போன்தானே கேக்கப்போகுது."

"போனுக்குள்ள ஆர் இருக்கிறான்?"



சனிக்கிழமை மகள் வந்து செயலியைப் போட்டுக் கொடுத்தாள். துருக்கி மொழியில் இருந்தது, போலிஷ் மொழியில் இருந்தது, தமிழில் இல்லை. சமையலறை மேசையில் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து, "அப்பா, இதில அமத்துங்கோ, பிறகு இப்பிடி வையுங்கோ, முடிஞ்சோடன திரும்ப அமத்துங்கோ" என்று ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். நின்றபடிதான் போக வேண்டும் என்பதையும் சொன்னாள். அதைக் கேட்டு அவர் என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் ஆண்கள் உட்கார்ந்தபடிதான் போக வேண்டும் என்று இருபது வருடமாகச் சட்டம் வைத்திருந்தவள் நான். இங்குள்ளவர்களின் வீடுகளில் கண்டு பழகியது. இப்போது அந்தச் சட்டத்தைத் தொலைபேசி மாற்றியது.

செயலியில் இன்னொருவரையும் சேர்க்கலாம் என்று இருந்தது. குடும்பத்தில் ஒருவர் பதிவுகளைப் பார்க்கலாம். "அம்மா, என்னைப் போடட்டே?" என்று மகள் கேட்டாள். "போடு, உனக்கும் தெரியட்டும்" என்றேன். அவரிடம் நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. அவர் அங்கேதான், மேசையிலேயே இருந்தார். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

முதல் மூன்று நாளும் செயலி காட்டியது சிவப்பு, வேகம் போதாது என்று அர்த்தம். ஒவ்வொரு சிவப்புக்கும் ம்யுன்ஸ்டரிலிருந்து அழைப்பு வந்தது. "அப்பா, நேற்று ஐஞ்சு தரமும் சிவப்பு, என்ன செய்யுது?" ஐம்பத்தைந்து கிலோமீற்றரோ அறுபதோ, அவ்வளவு தூரத்துக்கு அப்பால் இருந்து ஒரு மகள் தகப்பனின் மூத்திரத்தைப் பற்றிக் கேட்கிறாள். அவர் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு பல்கனிக்குப் போய்விடுவார்.

நாலாம் நாள் மஞ்சள் வந்தது. ஐந்தாம் நாள் பச்சை. அதற்குப் பிறகு எல்லாமே பச்சை.

நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். நீண்ட, தடையில்லாத, நல்ல சத்தம். "தண்ணி குடிக்கத் தொடங்கினதாலதான்" என்று அவர் சொன்னார். நம்பினேன். மகள் பச்சை இதயங்களாக அனுப்பினாள். இரண்டு வாரம் முடிந்து வைத்தியர் திரையில் வந்தார். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கோடுகளைப் பார்த்து "சூப்பர், சூப்பர்" என்றார். அன்று வராமல் போனது பதற்றத்தால்தான், இரத்தமும் நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். அன்று நண்டுக்கறி வைத்தேன்.

ஆனால் ஒரு விசயம் என் காதில் இருந்தது. தொலைபேசி அவரோடு உள்ளே போகும்போது நல்ல சத்தம். அது சமையலறை மேசையில் கிடக்கும்போது அவர் போனால் பழைய சொட்டுத்தான். கேட்டேன், ஆனால் கேட்டதை நம்பவில்லை. வைத்தியர் சூப்பர் என்கிறார், பச்சை என்கிறது தொலைபேசி. முப்பது வருடம் இந்த மனிதனோடு வாழ்ந்த என் காதைவிட, அரைக் கிலோவும் இல்லாத ஒரு கருவியை நம்பினேன்.

இரண்டு வாரம் முடிந்தும், மகள் தொடர்ந்து செய்யச் சொன்னதால் அவர் நாளுக்கு ஒரு தரமாவது பதிவு செய்துகொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கின்டர்கார்டனில் ஊழியர் கூட்டம் என்று சமையலறையை நேரத்தோடு மூடிவிட்டார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவருக்கு அன்று காலைவேலை, எனக்கு முதலே வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றும்போது அந்த நல்ல சத்தம் கேட்டது. கழிப்பறைக் கதவு கால்வாசி திறந்திருந்தது.

அவர் வேலை உடுப்போடு நின்றார். காற்சட்டை பெல்ட்டோடு இறுக்கியிருந்தது. கையில் என் சமையலறை ஜக். நான் அரிசிக்குத் தண்ணீர் அளக்கிற, பக்கத்தில் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக். முழங்கையை உயர்த்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே சீராகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். முடிகிற நேரம் கையைச் சற்று மடக்கி, மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் இரண்டு சொட்டு விட்டார். எவ்வளவு பழகியிருக்கிறார்! தட்டில் இருந்த தொலைபேசி "நன்றி" என்று ஜெர்மனில் சொன்னது.

"என்னப்பா செய்யிறியள்?"

திடுக்கிட்டுத் திரும்பியதில் ஜக் கீழே விழுந்தது.

"நீர் எப்ப வந்தனீர்?"

"என்ன செய்யிறியள் எண்டு கேட்டனான்!"

"கத்தாதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் கேட்கக் கத்தினேன். எல்லாம் பொய்யா, அந்த டொக்டர் சூப்பர் என்று சொன்னது இந்தக் குழாய்த் தண்ணீரையா, நண்டை எப்படித் தின்றீர்கள் என்று கேட்டேன். அவர் குனிந்து நிலத்தைத் துணியால் துடைத்தார். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கூட்டியது. ஒரு நாளும் துடைக்காத மனிதர்.

துடைத்து முடித்து, குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தபடி சொன்னார்.

"எங்கட வேலையில அந்தப் போலந்துக்காரன் இருக்கிறானெல்லே. அவனுக்கு ஒப்பரேசன் செய்தவங்கள். புரொஸ்டாட்டாதான். அதுக்குப் பிறகு அவனுக்கு ஒழுகுறது நிக்கிறேல்லை. பிள்ளையளுக்குக் கட்டுறமாதிரி கட்டிக்கொண்டு வாறவன். பெடியள் கண்டுபிடிச்சிட்டாங்கள். அவன்ர லொக்கருக்குள்ள குழந்தைப்பிள்ளையின்ர பம்பர்ஸ் ஒண்டைத் தொங்கவிட்டவங்கள். பவுடரும் வைச்சவங்கள். அவன் கதவைத் திறக்கேக்க எல்லாரும் சுத்தி நிண்டு சிரிச்சவங்கள்."

"அதுக்கு?"

"நானும் சிரிச்சனான்."

தட்டில் கிடந்த தொலைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"நல்லாச் சிரிச்சனான்" என்றார். "அவன் என்னைப் பாத்தவன்."

அவர் பயந்திருக்கிறார் என்பது விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. சிரித்ததற்கு ஒரு கோபம், பயந்ததை என்னிடம் சொல்லாததற்கு ஒரு கோபம். "திங்கட்கிழமை டொக்டருக்கு அடிச்சுச் சொல்லப்போறன்" என்றேன்.

"சொன்னீரெண்டா இந்த வீட்டில நான் இருக்க மாட்டன். பிள்ளைக்கும் சொல்லக்கூடாது."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. உங்கட வாயால."

அதோடு நிறுத்திக்கொண்டேன். திங்கட்கிழமை நான் அழைக்கவில்லை. செவ்வாயும் இல்லை. அவருடைய மிரட்டலுக்குப் பயந்தல்ல. முப்பது வருடம் இந்த மனிதருக்கு வாயாக இருந்தது போதும், ஒரு முறையாவது தன் பொய்யைத் தானே போய்ச் சொல்லட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். என் கோபம் எனக்கு நியாயமாகத் தெரிந்தது. இன்றைக்கும் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். சோற்றை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அந்த ஒன்பது நாளும் அவர் வயிற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தெரிந்தவர்கள் வீட்டில் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, ஒரு மண்டபத்தில். போகாமல் விட முடியாத இடம். ஒரே காரில் ஒரு சொல்லும் பேசாமல் போய் இறங்கினோம். நான் பெண்களோடு முன்னால் இருந்தேன். மத்தியானச் சாப்பாடு பரிமாறத் தொடங்கிய நேரம் என் தொலைபேசி அதிர்ந்தது. அவர்தான்.

"இஞ்சரும்."

குரல் வேறு மாதிரி இருந்தது.

"எங்க நிக்கிறியள்?"

"ஆம்பிளையளின்ர கக்கூசுக்குள்ள. எனக்கு ஏலாமக் கிடக்கு. வருதில்லை. காலமையில இருந்து ஒரு சொட்டும் வருதில்லை."

காஞ்சிபுரம் சேலையோடு ஆண்கள் கழிப்பறைக்குள் போனேன். கை கழுவிக்கொண்டு நின்ற இரண்டு பேர் என்னைக் கண்டு வெளியே ஓடினார்கள். கடைசிக் கதவுக்குப் பின்னால் அவர் நிலத்தில் இருந்தார். முகம் சாம்பல் நிறம். சட்டையைத் தூக்கினேன். தொப்புளுக்குக் கீழே வயிறு கல்லுமாதிரி, ஒரு பக்கம் சரிந்து நின்றது. கை வைத்ததும் அலறிவிட்டார். கை வைத்தால் யாருக்கும் விளங்கியிருக்கும். பத்து வினாடி போதும்.

அம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் வைத்தியர், எப்போது தொடங்கியது என்று கேட்டார். இதற்கு முதல் யாரிடமாவது காட்டினீர்களா என்றும் கேட்டார். யூரோலொக்கிடம் காட்டியதைச் சொன்னேன். செயலி என்றதும் என் கணவருடைய தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஆனால் இதில் எல்லாம் பச்சையாக இருக்கிறதே. வியாழக்கிழமைகூட நன்றாகப் போயிருக்கிறார்."

"அது அவருடையதில்லை."

"யாருடையது?"

"குழாய்த் தண்ணீர்."

அவருக்கு விளங்கவில்லை. என் உச்சரிப்பு பிழையென்று நினைத்தாரோ தெரியாது. திரும்பவும் சொன்னேன், இன்னும் சத்தமாக. ஜக்கால் ஊற்றிய தண்ணீர், சமையலறைத் தண்ணீர் என்றேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

என் கணவர் கண்ணை மூடியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் தொழிற்சாலை ஜெர்மனில் சொன்னார்.

"நான் பொய். தண்ணி ஊத்தினது நான்."

வைத்தியர் தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். மூத்திரம் வெளியேற உள்ளே குழாய் போட்டார்கள். ஒன்றரை லீற்றருக்கு மேல் வந்தது. பை நிறைய நிறைய அவருடைய முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருக்கின்றன, இரத்தத்தில் கழிவு கூடியிருக்கிறது, இன்னும் சில நாள் போயிருந்தால் கதை வேறு என்று சொன்னார்கள். ஒரு கிழமை வைத்திருந்தார்கள். மகள் வந்தாள். அவளிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், நான் ஒன்பது நாள் சும்மா இருந்ததையும் சேர்த்து. அவள் அழுதாள். பிறகு "அம்மா, நான் அதைப் பாத்திருக்கக்கூடாது" என்றாள். தொலைபேசியை எடுத்துத் தன் பெயரை அந்தச் செயலியிலிருந்து நீக்கினாள்.

குழாயோடும் பையோடும் வீட்டுக்கு வந்த பிறகு, அதே யூரோலொக்கிடம் போக வேண்டியிருந்தது. வேறு இடத்தில் டெர்மின் கிடைக்க மறுபடி மாதக்கணக்காகும். வைத்தியர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்துவிட்டு, தலையை ஆட்டினார்.

"பதிவுகள் எல்லாம் நன்றாக இருந்தன. நான் எதைச் சந்தேகிப்பது?"

நான் மொழிபெயர்க்கவில்லை. நேராக அவரிடம் கேட்டேன்.

"உங்கள் புனலுக்கு முன்னால் இருபது நிமிடம் நின்று ஒரு சொட்டும் வராத மனிதர், ஒரு கிழமையில் எப்படி இருபது வயதுக்காரன் மாதிரிப் போவார்? அது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கவில்லையா?"

"நோயாளிகள் உண்மையான பதிவைத் தர வேண்டும். செயலியின் விதிமுறைகளில் அது இருக்கிறது. அவர்களுடைய பொறுப்பு."

"வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது யாருடைய பொறுப்பு?"

என் ஜெர்மனில் ஆண்பால் பெண்பால் எல்லாம் பிழைத்திருக்கும். ஆனால் கேள்வி அவருக்கு விளங்கியது. கழுத்து சிவந்தது. கணினியை மூடினார். என் கணவரைப் படுக்கச் சொல்லி, தானே வயிற்றில் களிம்பு பூசி, ஸ்கேன் செய்தார். முதல் நாள் செய்திருக்க வேண்டியதை இப்போதுதான் செய்தார். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி, அந்தப் புரொஸ்டாட்டா, நன்றாகப் பெருத்திருக்கிறது, புற்றுநோய் போலத் தெரியவில்லை, வயிற்றை வெட்டாமல் மூத்திர வழியாகவே உள்ளே போய்ச் சுரண்டி எடுக்கலாம் என்றார். மன்னிக்கவும் என்று மட்டும் சொல்லவில்லை.

காருக்குள் என் கணவர், "நீர் இவ்வளவு ஜெர்மன் கதைப்பீரெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

"உங்களிலயும் கோவம் இருக்கு. அதை வீட்டில வைச்சுக் கதைப்பம்."

"சரி" என்றார்.

சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு ஐந்தாறு கிழமை அவருக்கும் ஒழுகுவது நிற்கவில்லை. அவர் இவ்வளவு காலமாகப் பயந்த அதே கட்டுத்தான். மருந்துக்கடையில் எந்த அளவு வாங்குவது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம், என்னிடம் ஒன்றும் சொல்லாமல், அந்தப் போலந்துக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தொழிற்சாலை ஜெர்மனில், தனக்கும் ஒப்பரேசன், தனக்கும் நிற்பதில்லை, எதை வாங்குவது என்று கேட்டார். பிறகு அந்த மனிதர் கதைத்தார், நெடுநேரம். என் கணவர் கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு பெயரையும் ஓர் அளவையும் எழுதினார். வைப்பதற்கு முதல், "அண்டைக்கு லொக்கர். நான் சிரிச்சது. பிழை" என்றார். அந்தப் போலந்துக்காரர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன்.

"தனக்கு ஞாபகம் இருக்காம் எண்டான்."

"வேற?"

"வேற ஒண்டும் சொல்லேல்லை."

அந்த மனிதர் மன்னிக்காததும் சரிதான்.

கடைசி டெர்மினுக்கு நான் வர மாட்டேன் என்று சொன்னேன். முப்பது வருடத்தில் முதல் தரம். காலையில் உடுத்திக்கொண்டு கதவடியில் சற்று நின்று பார்த்தார். நான் கின்டர்கார்டனுக்குப் போவதற்காகத் தலையை வாரிக்கொண்டிருந்தேன், திரும்பவில்லை. தனியாகப் போனார். பின்னேரம் நான் வரும்போது சமையலறையில் இருந்தார்.

"என்னவாம்?"

"நல்லம் எண்டவர். கிட்னி ரெண்டும் பழையபடி வந்திட்டுதாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தும்மினா, பாரம் தூக்கினா ரெண்டு சொட்டுப் போகுது எண்டு சொன்னனான்."

"ஜெர்மன்லயோ?"

"ஓம். தும்முறதுக்குச் சொல்லுத் தெரியேல்லை. தும்மிக் காட்டினனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. வைத்தியர் தந்த கடிதத்தைக் காட்டச் சொல்லி, என் கணவர் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறதா என்று வரி வரியாக வாசித்தேன். இருந்தது. இனி எந்தக் கடிதத்தையும் இப்படித்தான் வாசிப்பேன், அவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

அந்த யூரோலொக்கின் மருத்துவ நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நாள் நாளாக எழுதி, ஒரு மனிதரைத் தொட்டுப் பார்க்காமல் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னது ஏன் என்று கேட்டேன். என் ஜெர்மனை மகள் திருத்தித் தந்தாள். திருத்தியதில் என் கோபம் பாதி காணாமல் போயிருந்தது. இரண்டு வரியில் பதில் வந்தது. எங்கள் கருத்துக்கு நன்றியாம், தரத்தை மேம்படுத்த அது உதவுமாம். அந்த வைத்தியரின் கையெழுத்துக்கூட அதில் இல்லை.

இப்போது அவர்களுக்கு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை மகளிடம் கொடுக்கப் போவதில்லை. பிழைகளோடேயே அனுப்புவேன்.